சர்க்கரை நோயின் வகைகளும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் ரத்தச் சர்க்கரை எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. மில்லிமோல் கணக்கில் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்கள் இங்குள்ள எண்களை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இலக்குகள் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லப்படுபவை. உங்கள் மருத்துவர் வேறு இலக்கு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சர்க்கரை நோய் என்றால் எல்லாம் ஒன்றுதானே? எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

சாப்பாட்டு அட்டவணை எழுதுவதற்கு முன் தெரிய வேண்டியவை இரண்டு: எந்த வகை, என்ன மருந்து. டைப் 1இல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுபோகிறது. அங்கே உணவுக்கட்டுப்பாடு என்பது போடும் இன்சுலினும் சாப்பிடும் மாவுச்சத்தும் பொருந்துவதைப் பற்றியது. டைப் 2இல் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் கல்லீரலும் தசையும் அதற்குச் சரியாகப் பணிவதில்லை. காலப்போக்கில் சுரப்பும் குறைகிறது. அங்கே எடையும் மொத்த உணவின் அளவும் முதலிடத்துக்கு வருகின்றன. கர்ப்பகாலச் சர்க்கரையில் எடையைக் குறைப்பது நோக்கமே இல்லை. கணையம் கெட்டு வந்த சர்க்கரையில், சாப்பிட்டது செரிப்பதே முதல் சிக்கல்.

டைப் 2 உள்ள ஒருவர் காலை உணவைத் தவிர்த்தால் பெரும்பாலும் பசிதான் எடுக்கும். சில வகை மாத்திரையோ கலவை இன்சுலினோ எடுப்பவர் அதையே செய்தால் மயங்கி விழலாம். பக்கத்து வீட்டுக்காரரின் டயட் அட்டவணையைக் கடன் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஒல்லியான உடம்பு, 35 வயது. டைப் 2 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் எண் இறங்கவில்லை. ஏன்?

உங்கள் கட்டுப்பாட்டில் குறை இல்லாமல் இருக்கலாம். வகை தவறாக எழுதப்பட்டிருக்கலாம். பெரியவர்களுக்கு மெதுவாக வரும் டைப் 1 உண்டு, லாடா என்பார்கள். முதலில் மாத்திரைக்கு ஓரளவு அடங்கும், பிறகு இன்சுலின் தேவைப்படும். காட் ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இதைப் பிரித்துக் காட்ட உதவும். எடை தானாகக் குறைகிறது, தாகம் தீரவில்லை, இரவில் பலமுறை சிறுநீர் போகிறது என்றால் தள்ளிப்போடாமல் கேளுங்கள்.

தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே சர்க்கரை வரும் குடும்பமாக இருந்தால் மோடி எனப்படும் ஒற்றை மரபணு வகையையும் நினைக்க வேண்டும். அதில் ஒரு பிரிவில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றே கூடுதலாக அப்படியே நிற்கும், பெரும்பாலும் மருந்தே வேண்டியிருக்காது. இன்னொரு பிரிவு, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்பவர்களும் இவர்களில் உண்டு.

எந்த எண்ணைத் தாண்டினால் சர்க்கரை நோய்?

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி என்ற சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முத்திரை குத்தக் கூடாது, இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்பது முன்நிலை. சாப்பாட்டு மாற்றம் அதிகப் பலன் தரும் கட்டமும் அதுதான்.

எச்பிஏ1சி 7 வந்தது. வீட்டு மீட்டரோ எப்போதும் அதிகமாகக் காட்டுகிறது. எதை நம்புவது?

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. 7 சதவீதம் என்றால் சராசரி சுமார் 154, 8 என்றால் 183. ஒருவர் 60க்கும் 250க்கும் இடையில் ஊஞ்சலாடினாலும் சராசரி அழகாகவே வரும். இன்னொரு காரணம் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்தும். ரத்தப்போக்கு, அண்மையில் ஏற்றிய ரத்தம், சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய்கள் பொய்யாகக் குறைக்கும். எனவே ஹீமோகுளோபின் எண்ணோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

மீட்டரும் தவறு செய்யும். பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்து அளந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். மூடி திறந்தபடி கிடந்த டப்பாவின் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள்.

சாப்பாட்டில் எதைக் கணக்குப் பார்ப்பது? இனிப்பா, கலோரியா, எண்ணெயா?

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மீட்டர் காட்டும் எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மாவுச்சத்தின் மொத்த அளவு. இனிப்பு அதில் ஒரு பகுதி, அவ்வளவே. சர்க்கரையைத் தொடாமல் இரண்டு தட்டு சோறு சாப்பிடுகிறவரின் எண் ஏறுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கைவசம் இருக்க வேண்டிய கணக்கு இது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் 12 முதல் 15 கிராம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 17 முதல் 20. வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 20, ஆனால் அதில் 8 கிராம் நார்ச்சத்து, கூடவே 9 கிராம் புரதம். பால் 250 மில்லியில் 12. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27, சிறிய ஆப்பிளில் 15. முட்டை, மீன், கோழியில் அநேகமாக ஒன்றுமில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு கண்ணளவில் போட்டால் ஏமாந்துபோவீர்கள். சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். முதல் இரண்டு வாரம் வழக்கமான தட்டில் வழக்கமாகப் போடும் சோற்றை நிறுத்துப் பாருங்கள். ‘கொஞ்சமாத்தான் சாப்பிடறேன்’ என்பவரின் தட்டில் 300 கிராம் இருப்பது சகஜம்; அதாவது 84 கிராம் மாவுச்சத்து. இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும், பிறகு தராசை எப்போதாவது எடுத்தால் போதும். அரிசியையும் சோற்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 50 கிராம் அரிசி வெந்தால் சுமார் 140 கிராம் சோறு. பொட்டலத்தில் அச்சிட்ட எண் வேகாத அரிசிக்கானது.

அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து சாப்பிடலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. உயரம், எடை, உழைப்பு, மருந்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். எண்ணே வேண்டாம் என்பவர்களுக்குத் தட்டுக் கணக்கு போதும்: 23 சென்டிமீட்டர் அகலத் தட்டில் பாதி காய்கறி (கிழங்கு இதில் சேராது), கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறோ ரொட்டியோ கிழங்கோ. தட்டு பெரிதானால் கணக்கு கெட்டுவிடும். கால் பங்கு என்றால் பரப்பில் கால் பங்கு. கோபுரமாகக் குவிப்பது கணக்கில் வராது.

எனக்கு எந்த உணவு ஒத்துக்கொள்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இதை ஒழுங்காகச் செய்தால் இணையத்தில் சுற்றும் எந்தப் பட்டியலும் தேவைப்படாது. முதல் கவளத்துக்குச் சற்று முன் ஓர் அளவு எடுங்கள். முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. அரட்டையோடு 40 நிமிடம் சாப்பிடுபவருக்கு அது பெரிய வித்தியாசம். நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: முன் எண், பின் எண், நிறுத்த அளவு, சாப்பிட்டபின் நடந்தீர்களா இல்லையா.

உதாரணமாக, முன் 118, பின் 214, சோறு 250 கிராம். ஏற்றம் 96. மறுநாள் அதே நேரம் அதே குழம்பு, சோறு 150 கிராம்: முன் 121, பின் 169. ஏற்றம் 48. சோற்றை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, 150 கிராம் உங்களுக்குத் தாங்குகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவையும் குறைத்து, நடந்தும் பார்த்தால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. அதே உணவை இரண்டு மூன்று நாள் சோதித்தபின் முடிவுக்கு வாருங்கள். தூக்கம் கெட்ட ஒரு நாள் போதும், எண்ணைக் குழப்பிவிடும்.

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180க்குக் கீழ். முதியவர்களுக்கும், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கும் இலக்கைத் தளர்த்துவதே சரி.

சோற்றை விட்டுக் கோதுமைக்கு மாறினால் போதுமா?

அளவு மாறாமல் தானியம் மட்டும் மாறினால் கிடைப்பது மிகச் சிறிய லாபம். நைஸாக அரைத்த கோதுமை மாவும் வேகமாகவே குளுக்கோஸாகிறது. தவிடு நீக்காத முழுத்தானியம் ஏற்றத்தைத் தணிக்கும். மாவாக அரைக்க அரைக்க அந்த நன்மை குறையும். பழுப்பு நிற ரொட்டி எல்லாம் முழுக்கோதுமை ரொட்டி ஆகிவிடாது. பொருட்பட்டியலில் முதல் பெயரைப் பாருங்கள், நிறம் சேர்த்திருப்பார்கள்.

சோற்றைக் குளிரவைத்துச் சூடாக்கினால் மாவுச்சத்தின் சிறு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டால் லாபம் போய்விடும். வெளியே வைத்த சோற்றில் பேசிலஸ் என்ற பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அது அழியாது. ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போகட்டும்.

பழம் சாப்பிடலாமா? ஜூஸ்?

பழம் சாப்பிடலாம், ஒரு வேளைக்கு 15 கிராம் மாவுச்சத்து அளவில். மூன்று நான்கு பழத்தைப் பிழிந்தால்தான் ஒரு டம்ளர் சாறு கிடைக்கும்; நார் வடிகட்டியில் தங்கிவிடும், சர்க்கரை டம்ளருக்குள் வந்துவிடும். சாறு சர்க்கரை தாழும்போது குடிக்கும் மருந்து. மற்ற நேரத்தில் வேண்டாம். உலர்பழத்தில் தண்ணீர் மட்டுமே போயிருக்கிறது, சர்க்கரை அப்படியே உள்ளது.

தேன், பழுப்புச் சர்க்கரை எல்லாம் இயற்கையானவை, அவை பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. பழுப்புச் சர்க்கரை என்பது வெள்ளைச் சர்க்கரையோடு கொஞ்சம் பாகு, அவ்வளவுதான். இனிப்பு வேண்டுமே என்பவர்களுக்கு ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவை ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட், சாக்லேட்டில் எச்சரிக்கை தேவை: மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால் எண்ணைப் பாதியளவு ஏற்றும், வயிற்றுப்போக்கும் தரும். பிஸ்கட்டின் மாவு வேறு இருக்கிறது. உறையில் ‘சர்க்கரை’ என்ற வரியை விட்டுவிட்டு ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியைப் படியுங்கள். அது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும்.

அளவைக் குறைக்காமலே எண்ணைக் குறைக்க வழி உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று வரிசை: காய்கறியும் புரதமும் முதலில், சோறோ ரொட்டியோ கடைசியில். வயிறு காலியாகும் வேகம் தணிவதால் ஏற்றம் குறைகிறது. இரண்டாவது, சாப்பிட்டவுடன் 10 முதல் 15 நிமிட நடை. சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை உள்ளிழுக்கும். காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள் அதைத் தொடரட்டும். இரவு உணவுக்குப் பின்னான சிறு நடையையும் சேர்த்துக்கொண்டால் மறுநாள் நோட்டிலேயே தெரியும்.

இரவு படுக்கும்போது 125. எதுவும் சாப்பிடவில்லை. காலையில் 170. இது எப்படி?

விடியற்காலையில் சுரக்கும் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கல்லீரலைக் குளுக்கோஸை வெளியேற்றச் சொல்கின்றன. இன்சுலின் போதாதபோது அது ரத்தத்தில் தேங்குகிறது. இரவில் சர்க்கரை தாழ்ந்து, அதை ஈடுகட்ட உடல் ஏற்றிவிடுவதும் அரிதாக நடக்கலாம், குறிப்பாக இன்சுலின் போடுபவர்களுக்கு. அதிகாலை 3 மணிக்கு ஓரிரு நாள் அளந்து பார்த்தால் விடை கிடைக்கும். 3 மணிக்கே 140 என்றால் முதல் காரணம்; 60 என்றால் மருந்தைக் கூட்டுவது ஆபத்து. அளக்காமல் இரவு மருந்தைத் தானாகக் கூட்டிக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

டைப் 1இல் சாப்பாட்டுக்கு எத்தனை யூனிட் என்று எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் விகிதத்தை மருத்துவர் நிர்ணயிப்பார். கணக்கின் அமைப்பு இதுதான். ஒரு நாளின் மொத்த இன்சுலின் 45 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இதற்கென்று வழக்கமாக வைத்துக்கொள்ளும் எண்ணான 500ஐ 45ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11: ஒரு யூனிட் 11 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும். அதேபோல் 1800ஐ 45ஆல் வகுத்தால் 40: ஒரு யூனிட் சர்க்கரையை 40 இறக்கும். தட்டில் 66 கிராம் மாவுச்சத்து, மீட்டரில் 200, இலக்கு 120. உணவுக்கு 6 யூனிட், கூடுதலாக உள்ள 80க்கு 2 யூனிட், மொத்தம் 8.

இது தொடக்கக் கணக்கு மட்டுமே, நோட்டைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பலருக்குக் காலையில் ஒரு விகிதம், மாலையில் வேறு. வேக இன்சுலின் 4 மணி நேரம் வரை உடலில் வேலை செய்யும். இரண்டு மணி நேரம் முன்பு போட்டதை மறந்து மறுபடி திருத்த ஊசி போடுவதுதான் தாழ்சர்க்கரைக்கு நேர்வழி.

கணக்கு சரி, ஆனாலும் எண் தாறுமாறாக வருகிறது. எங்கே பிசகுகிறது?

முதலில் நேரம். வேக இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 10 முதல் 20 நிமிடம் முன் போட வேண்டும், பழைய ரெகுலர் வகையை 30 நிமிடம் முன். சாப்பிட்டபின் போட்டால் உணவு முந்திக்கொள்ளும். இரண்டாவது இடம்: ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலடியில் கட்டி ஏற்பட்டிருந்தால் அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. விரலால் தடவிப் பாருங்கள், ரப்பர் போல் தட்டுப்படும். இடத்தை மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டி வரலாம், ஏனெனில் புது இடத்தில் முழு மருந்தும் வேலை செய்யும். மூன்றாவது கொழுப்பு. எண்ணெயும் பாலாடைக்கட்டியும் மிகுந்த உணவு 2 மணி நேரத்தில் நல்ல எண் காட்டி, 4 முதல் 6 மணி நேரத்தில் ஏறும்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால் உடனே என்ன செய்வது?

70க்குக் கீழ் என்றால், அல்லது நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளக்க வசதி இல்லையென்றால், 15 கிராம் வேகச் சர்க்கரை: தண்ணீரில் கரைத்த 3 தேக்கரண்டிச் சர்க்கரை, அல்லது 120 முதல் 150 மில்லி பழச்சாறு, அல்லது குளுக்கோஸ் மாத்திரைகள். 15 நிமிடம் பொறுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் 70க்குக் கீழ் என்றால் மறுபடி 15 கிராம். சரியானபின், அடுத்த வேளைச் சாப்பாடு தூரமென்றால் சிறிது ரொட்டியோ பாலோ.

அந்தப் பதினைந்து நிமிடம் பொறுப்பதுதான் கடினம். பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்று 300க்குப் போகிறவர்கள் ஏராளம். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரையே அதைச் செரிக்க விடாமல் தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸையே கையில் வைத்திருக்க வேண்டும். தோலில் சென்சார் ஒட்டியிருப்பவர்கள் மீண்டுவருவதை விரலில் குத்தி உறுதி செய்யுங்கள், சென்சார் சில நிமிடம் பின்தங்கியே காட்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுககான் (சர்க்கரையைத் தூக்கிவிடும் அவசர மருந்து) இருந்தால் கொடுத்து, அவசர உதவியை அழையுங்கள். மது குடித்திருந்தால் கூடுதல் கவனம்: கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பதை மது தடுக்கும், மறுநாள் வரை தாழலாம். குடிமயக்கம் என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு.

டயட்டைத் திடீரென்று மாற்றினால் மாத்திரையில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மாவுச்சத்தைப் பாதியாக்கும் முன் மருத்துவரிடம் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றிய முதல் வாரத்திலேயே தாழ்ந்துபோகக்கூடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் கடுமையான மாவுச்சத்துக் குறைப்பிலோ பட்டினியிலோ இறங்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழ் இருக்கும்போதே கீட்டோன் நச்சு (கொழுப்பு உடைந்து உண்டாகும் அமிலம் ரத்தத்தில் தேங்குவது) ஏற்படலாம். எண் நன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் கீட்டோன் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்வது அரிது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 அவ்வப்போது பார்க்க வேண்டும், அதிலும் இறைச்சி, முட்டை, பால் தொடாதவர்கள். பாதத்தில் எரிச்சல் என்றவுடன் சர்க்கரையின் மேல் மட்டும் பழிபோடக் கூடாது, பி12 குறைவாலும் அது வரும்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு என்ன சாப்பிடுவது?

இலக்கு இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு 1 மணி நேரத்தில் 140க்குக் கீழ், அல்லது 2 மணி நேரத்தில் 120க்குக் கீழ். ஆனால் மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டக் கூடாது; நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் தேவை என்பது வழக்கமான வழிகாட்டல், புரதம் 71 கிராம், நார் 28 கிராம். அதை மூன்று சாப்பாடு, இரண்டு முதல் நான்கு சிறுதீனி என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்பதால் காலை உணவில் மாவுச்சத்து மிகக் குறைவாக, 15 முதல் 30 கிராமுக்குள், முட்டை போன்ற புரதத்தோடு. மதியம் தாங்கும் அதே அளவு காலையில் தாங்காது. படுக்கும் முன் சிறு அளவு பாலும் கொட்டைப்பருப்பும் நீண்ட இரவுப் பட்டினியைத் தவிர்க்கும்.

ஒன்றிரண்டு வாரம் முறையாகச் சாப்பிட்டும் எண் அடங்கவில்லை என்றால் இன்சுலின் தொடங்குவார்கள். அது தாயின் தோல்வி அன்று. நஞ்சுக்கொடி ஹார்மோன்களின் பலம் அவ்வளவு. பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தை வேலையில் இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையால் வந்த சர்க்கரை?

காலையில் ஒருமுறை பிரெட்னிசோலோன் எடுப்பவருக்கு வெறும் வயிற்று எண் நன்றாகவே இருக்கும்; மதியத்திலிருந்து இரவு வரைதான் ஏறும். எனவே அளக்க வேண்டியது மாலையில், மாவுச்சத்தைக் குறைக்க வேண்டியது மதியமும் இரவும். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது சர்க்கரை மருந்தையும் கூடவே குறைக்காவிட்டால் தாழ்ந்துவிடும்.

கணைய அழற்சிக்குப் பின் வந்த சர்க்கரை?

இங்கே இன்சுலினோடு செரிமான நொதிகளும், சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுககானும் குறைந்திருக்கும். அதனால் தாழ்ந்தால் வேகமாகத் தாழும். நொதி மாத்திரையை முதல் கவளத்தோடு எடுங்கள், பெரிய சாப்பாடென்றால் பாதியை நடுவில். சாப்பிட்டு முடித்து எடுத்தால் உணவோடு கலக்காது. நொதி தொடங்கியபின் சர்க்கரை ஏறலாம், இப்போதுதான் உணவு உடம்பில் ஒட்டுகிறது என்று அர்த்தம். எடை குறையும் நோயாளிக்கு டைப் 2வின் பட்டினி அட்டவணையைக் கொடுப்பது பெருந்தவறு.

டைப் 2வை உணவாலேயே முழுதாகக் குணப்படுத்தலாமா?

தணிவு சாத்தியம். மருந்தை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் ஆனபின்னும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழ் நின்றால் அதற்குப் பெயர் தணிவு. பிரிட்டனில் நடந்து 2017இல் முடிவு வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு 6 ஆண்டுக்குள் இருந்த, அதிக எடையோ உடல்பருமனோ உள்ள, இன்சுலின் போடாதவர்களுக்கு 3 முதல் 5 மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேர் தணிவில் இருந்தார்கள். 15 கிலோ அல்லது மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தம் 36 சதவீதமாக இறங்கியது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். மருத்துவக் கண்காணிப்பில் நடந்த ஒன்றைத் தனியாக வீட்டில் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கும், 20 ஆண்டு பழைய நோய்க்கும் இதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தணிவில் இருப்பவரும் கண், சிறுநீரகம், பாதப் பரிசோதனைகளை விடக் கூடாது.

டைப் 1இல் மாவுச்சத்தை நிறுத்திவிட்டு இன்சுலினையும் நிறுத்தலாமா?

கூடவே கூடாது. இந்தச் சோதனையை வரலாறு முன்பே செய்து முடித்துவிட்டது. இன்சுலின் வருவதற்கு முன், 1910களில், அமெரிக்காவில் குழந்தைகளைப் பட்டினி உணவில் வைத்துச் சில மாதங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓரிரு ஆண்டுகள் உயிரை நீட்டினார்கள். எலும்பும் தோலுமாகிப் பிறகு இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் போட்டபின்தான் கதை மாறியது. சாப்பிடாவிட்டாலும் கொழுப்பு கீட்டோனாக உடைவதைத் தடுக்க, நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் தேவை. நோய் கண்ட புதிதில் சில மாதம் ஊசி மிகக் குறைவாகப் போதுமானதாக இருக்கும் ‘தேனிலவுக் காலம்’ ஒன்று உண்டு. ‘குணமாக்கிக் காட்டுகிறேன்’ என்பவர்களின் வியாபாரம் அந்த மாதங்களில்தான் நடக்கிறது.

காய்ச்சல், வாந்தி. சாப்பிட முடியவில்லை. ஊசியை விட்டுவிடலாமா?

டைப் 1இல் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது; நோயுற்ற உடலுக்குக் கூடுதலாகவே தேவைப்படலாம். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் கீட்டோனும் பாருங்கள். ரத்தக் கீட்டோன் (இது மட்டும் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 0.6க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை, 1.5 தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். 3 என்றால் நேராக மருத்துவமனை. மணிக்கு ஒரு டம்ளர் வீதம் சிறுசிறு மிடறாகத் தண்ணீர். சர்க்கரை 180க்குக் கீழ் இருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றால் இனிப்புள்ள பானம் குடித்து, அதற்கேற்ப இன்சுலினைத் தொடருங்கள். டைப் 2காரர்கள் வாந்தி பேதி நிற்கும் வரை மெட்ஃபார்மினையும் டாபாக்ளிஃப்ளோசின் வகையையும் நிறுத்திவைக்க வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.

சிறுநீரகம் பாதித்திருக்கிறது. இப்போது சுகர் மருந்தைக் கூட்டாமலே குறைகிறது. நல்ல செய்திதானே?

பெரும்பாலும் இல்லை. இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது பழுதானால் போட்ட இன்சுலினும் சில மாத்திரைகளும், குறிப்பாக கிளிபென்கிளமைடு, நீண்ட நேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்தும். பசி குறைந்து சாப்பாடும் குறைந்திருக்கும்.

டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதம் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் அளவில்: 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 27 முதல் 30 என்று கணக்கிட்டால் எவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்று தெரியும். டயாலிசிஸ் தொடங்கியபின் புரதம் கூட்ட வேண்டும். பழைய அட்டவணையையே தொடர்ந்து தசை கரைந்துபோகிறவர்கள் உண்டு. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் மாற்று உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், பொட்டாசியம் கூடியவர்களுக்கு அது இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஆபத்து. இவர்கள் சர்க்கரை தாழும்போதும் ஆரஞ்சுச் சாற்றை விட்டுக் குளுக்கோஸே எடுக்க வேண்டும். சீரம் கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சிறுநீரில் அல்புமின் ஆகிய மூன்றையும் பார்த்து, கடைசி இரண்டு வார மீட்டர் எண்களோடு மருந்துச்சீட்டைக் கொண்டுபோய், எதை நிறுத்துவது எதைக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.